வருஷச் சாமான் அடுக்கி வைப்பது நம்ம பக்கம் வீண் வேலைதானே?

குடமுருட்டி | ஏப்ரல் 18, காலை 7.12

சித்திரை பிறந்ததும் வீட்டுக்கு வீடு புளி, உளுந்து, வடாம், வத்தல் என்று மாடியில் பரப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் அதில் பாதி நமுத்துப் போகும், கால்வாசி பூசணம் பூக்கும், மீதியில் வண்டு. கரூர், திண்டுக்கல் மாதிரி வறண்ட ஊருக்கு இது சரி. ஆறும் வாய்க்காலும் கடலும் சூழ்ந்த தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்கு மாதாமாதம் வாங்கிக்கொள்வதே புத்தி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். ‘எங்க பாட்டி காலத்துல’ என்று ஆரம்பிப்பவர்கள் வேறு இழைக்குப் போகவும்.

அரசலாறு | ஏப்ரல் 18, காலை 9.40

பாட்டியை இழுக்காமலே சொல்றேன் தம்பி. பூசணம் கண்ணுக்குத் தெரியறது ஐப்பசியில. அதுக்கு வழி விட்டது சித்திரையில டிரம்முல கொட்டின அன்னிக்கு.

மூணு மணி வெயில்ல மாடியில கிடந்த வடாம் கையில பிடிக்க முடியாத சூட்டுல இருக்கும். அதை அப்படியே அள்ளி எவர்சில்வர் டிரம்முல கொட்டி மூடினா, ராத்திரி டிரம் குளிர்ந்ததும் மூடியோட உள்பக்கம் முத்து முத்தா வேர்க்கும். அந்தத் தண்ணி மேல் வரிசையில சொட்டும். பூசணம் எப்பவும் மேலாகவே ஆரம்பிக்குதே, ஏன்னு பார்த்தீங்களா? சரி, நல்லா ஆறட்டும்னு ராத்திரி பூரா கூடத்துல பரப்பி வச்சாலும் தப்பு. நம்ம பக்கம் பொழுது சாஞ்சா கீழ்க்காத்து ஈரத்தோட வரும். காய்ஞ்ச சாமான் விடியறதுக்குள்ள அதைக் குடிச்சுடும்.

ஆக, மூணு மூணரைக்குள்ள மாடியிலேருந்து இறக்கணும். கூடத்துல பழைய வேட்டியில மெல்லிசா பரப்பி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விடணும். குவியலுக்குள்ள கையை விட்டா சூடு தெரியக் கூடாது. விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி மூடிடணும். இந்த ரெண்டு மணி நேரத்துலதான் எல்லாம் இருக்கு.

வெண்ணாறு | ஏப்ரல் 18, இரவு 9.05

அக்கா சொன்னது சரி. அதோடு, சாமான் உண்மையிலேயே காய்ந்ததா என்று தெரிய வேண்டும். ‘மூன்று நாள் வெயில்’ என்பது கணக்கே அல்ல. எந்த மூன்று நாள், எவ்வளவு கனமாகப் பரப்பியது என்பதைப் பொறுத்தது.

நெல், உளுந்து, பயறு எதற்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, மேலே இரண்டு மூன்று ஸ்பூன் தூள் உப்பு போடவும். மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வைக்கவும். உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. நெல்லை வீட்டில் வைக்க 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, விதைக்கு 12. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை எடுக்கிறார்களே என்று கேட்காதீர்கள். அது விற்பனைக்கான அளவு, வீட்டில் வருஷம் தாங்கும் அளவு இல்லை.

கடைமடை | ஏப்ரல் 19, காலை 6.30

அண்ணே, வேதாரண்யம் பக்கம் ஐப்பசியில உளுந்தே இல்லாம வெறும் பாட்டில்ல உப்பு ஒட்டும். சோதனையில உளுந்து தோத்துச்சா உப்பு தோத்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெண்ணாறு | ஏப்ரல் 19, காலை 8.15

உப்பை வாணலியில் வறுத்து, ஆறியதும் உடனே பயன்படுத்தவும். வறுக்காத உப்பில் இந்தச் சோதனை செய்வது வீண்.

கடைமடை | ஏப்ரல் 19, இரவு 8.50

உப்பு பேச்சு வந்ததால ஒண்ணு. கல் உப்பை மழைக்காலத்துல வாங்காதீங்க. பாத்தியிலேருந்து வாரின புது உப்புல மக்னீசியக் கசடு இருக்கும், காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத் தண்ணியா விடுறது அதுதான். குவிச்சுப் போட்டு வடிஞ்ச பழைய உப்பு அவ்வளவா நீர்க்காது. பங்குனி, சித்திரையில வருஷத்துக்கு வேணுங்கிறதை வாங்கி, அடியில சின்ன ஓட்டை போட்ட மண்பானையில, கீழே ஒரு கிண்ணம் வச்சு வைங்க. வடியறது வடிஞ்சு போகும். உப்புக்காக 1930-ல திருச்சியிலேருந்து ராஜாஜி கூட்டம் நடந்தே எங்க ஊருக்கு வந்துச்சு. நீங்க பஸ்ஸுல வந்தாப் போதும்.

குடமுருட்டி | ஏப்ரல் 22, மாலை 6.20

ஈரம் ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டுக்கு என்ன பதில்? காய்ந்த உளுந்தில்தான் வண்டு வருகிறது. மூடி இறுக்கமாக இருந்தாலும் வருகிறது.

வெண்ணாறு | ஏப்ரல் 22, இரவு 10.10

வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே வந்திருக்கிறது. டெல்டாவில் உளுந்து நெல் தரிசுப் பயிர். சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி, சித்திரையில் அறுப்புக்கு வரும். ஆடுதுறை 3 ரகம் இதற்கென்றே வந்தது. காய் முற்றும்போதே பயறு வண்டு வயலில் வந்து முட்டையிட்டுவிடும். விதையின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது முட்டை. புழு உள்ளே துளைத்துப் போய், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். இறுக்கி மூடிய டிரம்மில் வண்டு என்றால், முட்டையோடு சேர்த்து மூடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அறுத்து அடித்த ஒரு வாரத்துக்குள் இதைச் செய்யவும். தரையில் வைக்கோலோ சாக்கோ போட்டு, அதன்மேல் கறுப்பு பாலித்தீன் விரித்து, உளுந்தை விரல் கனத்துக்குப் பரப்பவும். மேலே நிறமில்லாத பாலித்தீன் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்து மூடவும். உள்ளே 57 டிகிரி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எதுவும் மிஞ்சாது. நம் சித்திரை வெயிலில் 11 மணியிலிருந்து 2 மணி வரை விட்டால் போதும். அடியில் வைக்கோல் போடாவிட்டால் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும், அடி வரிசை தப்பிவிடும். சாப்பாட்டு உளுந்துக்கு மட்டும் இது. விதைக்கு எடுத்து வைப்பதை இப்படி வேகவைக்க வேண்டாம்.

அரசலாறு | ஏப்ரல் 23, காலை 10.00

பாலித்தீனுக்கு வழியில்லாதவங்க எண்ணெய் தடவலாம். கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன், 10 மில்லி. வேப்பெண்ணெய் கசக்கும், விளக்கெண்ணெய் போதும். அகலத் தாம்பாளத்துல கொட்டி, ஒவ்வொரு மணியும் மினுமினுன்னு ஆகற வரைக்கும் புரட்டணும். மேலாக ஊத்திக் கிளறினா பாதிதான் ஒட்டும், ஒட்டாததுல வண்டு வரும்.

இல்லேன்னா உடைச்சே வச்சுடுங்க. அந்த வண்டுக்கு முழுப் பயறுதான் பிடிக்கும், உடைச்ச பருப்பை அவ்வளவா தொடாது.

குடமுருட்டி | ஏப்ரல் 23, இரவு 7.45

உளுந்தை ஒத்துக்கொள்கிறேன். வடாம்?

அரசலாறு | ஏப்ரல் 24, காலை 11.20

கூழ் வடாம் கணக்கு: கரண்டியில ஊத்தறதுக்கு ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு ஆறு பங்கு தண்ணி. நாழியில பிழியறதுக்கு ரெண்டரை பங்கு. ஜவ்வரிசி 100 கிராம், உப்பு 40 கிராம். கூழ்ல உப்பு கொஞ்சம் குறைச்சலா தெரியணும், காய்ஞ்சதும் ஏறிக்கும். எலுமிச்சம்பழம் இறக்கினப்புறம்.

கெடுற இடம் எங்கேன்னா, துணியில ஊத்தின வடாமை மறுநாள் பின்பக்கம் தண்ணி தெளிச்சுத்தானே உரிக்கறோம்? அதோட முடிஞ்சதுன்னு டப்பாவில போட்டுடறாங்க. உரிச்சப்புறம் தாம்பாளத்துல இன்னும் ரெண்டு முழு வெயில் வேணும். ஒண்ணை ஒடிச்சா ‘படக்’னு சத்தம் வரணும், வளையக் கூடாது. அப்புறம் ஒண்ணை எண்ணெயில போட்டுப் பாருங்க. ஓரம் பொரிஞ்சு நடுவுல கல்லு மாதிரி நின்னா ஈரம் இருக்கு.

மோர்மிளகாய்க்கும் இதே விதிதான். நம்ம ஊர் குட்டைக் குடமிளகாய் சதைப்பிடிப்பு ஜாஸ்தி. காம்புக்குக் கீழேதான் ஈரம் ஒளிஞ்சிருக்கும். பகல் பூரா காயவச்சு ராத்திரி மோர்ல போடறது, மோர் வத்தற வரைக்கும். அதுக்கப்புறம் கீறின வாய் விரியற அளவு காயணும்.

கடைமடை | மே 6, பகல் 1.15

கத்திரி ஆரம்பிச்சாச்சு. இந்த வெயில் நல்லதுன்னு நினைச்சு மாவடுவையும் மாடியில வச்சுடாதீங்க. அது நிழல் சாமான்.

குடமுருட்டி | மே 9, மாலை 5.30

புளி பற்றி யாரும் பேசவில்லை. சென்ற வருஷப் புளி கன்னங்கரேலென்று இருக்கிறது. கெட்டுவிட்டதா?

அரசலாறு | மே 9, இரவு 9.00

கறுத்தா கெட்டதுன்னு இல்லை. சூடும் காத்தும் பட்டாக் கறுக்கும், புளிப்பு இருக்கும். வத்தக்குழம்புக்கு அதான் நல்லா இருக்கும். ரசத்துக்குத்தான் நிறம் கெடும். அதுக்கு ஒரு கிலோவை ஃப்ரிட்ஜுல தனியா வச்சுக்குங்க, நிறம் மெதுவாத்தான் மாறும். வெள்ளையா, பச்சையா பூத்திருந்தாத்தான் தூக்கிப் போடணும்.

கோது, நார், கொட்டை மூணும் எடுத்து, ரெண்டு வெயில் காட்டி, பத்து கிலோவுக்கு முக்காலிலேருந்து ஒரு கிலோ கல் உப்பு. ஒரு வரிசை புளி, ஒரு கை உப்புன்னு அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் முஷ்டியால அமுக்கணும். காத்து நிக்கற பொந்துலதான் புழு வைக்கும். எதுல வேணா அடைச்சுக்கலாம், மூடி இறுக்கமா இருந்தாப் போதும்.

வெண்ணாறு | மே 10, காலை 7.00

எதில் வேண்டுமானாலும் என்று விட முடியாதே அக்கா. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். மட்டமான எவர்சில்வரிலும் ஊசிக்குத்துப் போல் துளை விழும். பீங்கான் ஜாடி அல்லது மண்பானை.

அரசலாறு | மே 10, காலை 7.40

ஆமா, ஜாடிதான். நான் பிளாஸ்டிக் வாளியை நினைச்சுச் சொன்னேன். அதுவும் உணவு வைக்கிற தரத்துல இருக்கணும், பெயிண்ட் வாளி இல்லை.

வெண்ணாறு | ஜூன் 16, இரவு 8.30

இந்த இழையில் எல்லோரும் ஐப்பசியை மட்டுமே பேசுகிறார்கள். ஈரம் அதற்கு நாலு மாதம் முன்பே வருகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, நடவுக்கு வயல் நிரம்பினால் வீட்டுக் கிணறும் ஏறும். பழைய சுவர்களில் ஓதம் ஏறும். வானத்தில் ஒரு சொட்டு இருக்காது, சுவரை ஒட்டி நிற்கும் மூட்டையின் அடி மட்டும் சில்லென்றிருக்கும்.

மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகையில் வைக்கவும். சுவருக்கும் மூட்டைக்கும் ஓர் அடி இடைவெளி விடவும். பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி) இருப்பவர்களுக்குக் கவலை குறைவு, அதற்குக் கால் உண்டு. பத்தாயத்தைச் சுவரோரம் தள்ளி டி.வி. வைத்திருப்பவர்கள் கொஞ்சம் இழுத்துப் போடவும்.

கடைமடை | ஜூன் 16, இரவு 9.10

எங்களுக்கு முதல்ல தண்ணி வந்து சேரட்டும், ஓதத்தை அப்புறம் பார்ப்போம்.

குடமுருட்டி | ஜூலை 3, காலை 8.00

நெல்லாக வைப்பதா, அரிசியாக வைப்பதா?

வெண்ணாறு | ஜூலை 3, இரவு 9.30

நெல்லாக. உமி இருக்கும்வரை அரிசி வண்டு உள்ளே போவது கடினம். அரைத்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடும். நெல்லுக்கு எதிரி அந்துப்பூச்சி, அது பெரும்பாலும் மேல் ஒரு சாண் அளவில்தான் தங்கும். மேலே நொச்சி, வேப்பிலை போடுவதுண்டு, நல்லது. ஆனால் நிழலில் நொறுங்கக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சையாகப் பறித்துப் போட்டால் நீங்களே ஈரத்தை உள்ளே போடுகிறீர்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு மாத அரிசி மட்டும் அரைக்கவும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 25 கிலோ என்றால், அறவைக்கு ஒரு குவிண்டால் நெல்லை ஒட்டி எடுக்க வேண்டும். ஆலையைப் பொறுத்து நூற்றுக்கு 62 முதல் 68 அரிசி வரும். மிஞ்சுவது இட்லிக்கு.

அரசலாறு | செப்டம்பர் 29, காலை 10.30

எல்லாரும் டிரம்மைத் திறக்க இதுதான் கடைசி வாய்ப்பு. ‘பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி’ம்பாங்க. அந்தக் காயற பாதியிலயே வேலையை முடிக்கணும். வடாம், வத்தல், உளுந்து, மிளகாய் எல்லாத்துக்கும் ஒரு முழு வெயில். இலவம்பஞ்சு மெத்தை, தலகாணிக்கும். சாயங்காலம் ஆறவச்சு மூடற விதி அதேதான்.

மூடும்போது ரெண்டாப் பிரிங்க. வாரச் செலவுக்கு ஒரு சின்ன சம்படம். பெரிய டிரம்மை மூடியோரம் துணி சுத்திக் கட்டிட்டா தீபாவளி, கார்த்திகை தாண்டித்தான் திறக்கணும். ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் ஈரக்காத்து ஒரு டிரம் உள்ளே போகுது. மழை நாள்ல ‘கொஞ்சம் வெயில் வந்திருக்கே’ன்னு பாதி நாள் காயவைக்கறது அதைவிட மோசம்.

கொலு பொம்மையையும் விஜயதசமி முடிஞ்சு மழைக்கு முன்னாடி கட்டிடுங்க. நியூஸ்பேப்பர் வேண்டாம், ஈரத்துல வர்ணத்தோட ஒட்டிக்கும். பழைய பருத்தி வேட்டி.

குடமுருட்டி | அக்டோபர் 30, இரவு 8.10

இரண்டு நாளாக அடைமழை. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

கடைமடை | அக்டோபர் 30, இரவு 8.40

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்போ பல ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி. மேட்டு இடத்துல நெல்லும் புளியும் உப்பும் வத்தலும் வச்சிருந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. விறகு நனையாம இருந்தா. விறகைக் கீத்துக் கொட்டகையில அடுக்கறவங்க வைகாசி, ஆனியிலயே கீத்து மாத்திடணும். மட்டையைக் குளத்துல ஊறப்போட்டு முடையணும், ஊறாத கீத்து சீக்கிரம் முறிஞ்சுபோகும். அப்புறம், ஈரச் சாமானை ஃப்ரிட்ஜுல வச்சா சீக்கிரம் கெடாது, காய்ஞ்சதை வெளியே எடுத்து எடுத்து வச்சா அதுவும் வேர்க்கும். ரவை டப்பாவைப் பாருங்க.

குடமுருட்டி | அக்டோபர் 31, காலை 7.20

ரவை, கடலை மாவு, சாம்பார்ப் பொடி?

அரசலாறு | அக்டோபர் 31, காலை 9.15

இதுல நீங்க சொல்றதுதான் சரி, மாதாமாதம் வாங்குங்க. அரைச்ச பொருள் எதையும் வருஷத்துக்கு வைக்காதீங்க. ரவையை வாங்கின அன்னிக்கே மணம் வர வறுத்து, ஆறவச்சு வைங்க. சாம்பார்ப் பொடி மூணு மாசம், அதுவும் மெஷின்லேருந்து வந்ததும் தாம்பாளத்துல பரப்பி ஆறினப்புறம்தான். மிளகாயையும் தனியாவையும் முழுசாவே வச்சு அப்பப்போ அரைக்கறது உத்தமம்.

கடைமடை | டிசம்பர் 22, காலை 6.50

மார்கழி. தோசை மாவு பொங்கவே மாட்டேங்குது. சாமான் இழைதான், இருந்தாலும் கேக்கறேன்.

அரசலாறு | டிசம்பர் 22, காலை 8.30

நாலுக்கு ஒண்ணுன்னு போடற உளுந்தை மாத்த வேண்டாம், சூட்டை மாத்துங்க. கடைசியா அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக்கணும், உப்பு போட்டுக் கையாலயே கலக்கணும், பாத்திரத்தைச் சாக்கால சுத்தி அரிசி டிரம்மு பக்கத்துல வைக்கணும். கோடையில ஆறு மணி நேரம்னா இப்போ பன்னெண்டு. தயிருக்கும் அப்படித்தான்: அரை லிட்டர் பாலுக்குக் கோடையில அரை ஸ்பூன் உறை, இப்போ ஒன்றரை. பால் விரல் பொறுக்கற சூட்டுல இருக்கணும். அதுக்கு மேல உறை ஊத்தினா தயிர் தண்ணி விட்டுக்கும்.

குடமுருட்டி | ஜனவரி 21, மாலை 6.40

கணக்குச் சொல்லிவிடுகிறேன். உளுந்தில் வண்டு இல்லை. உப்பு நீர்க்கவில்லை. வடாம் மேல் வரிசை மட்டும் லேசாக நமுத்திருந்தது, வறுத்ததும் சரியாகிவிட்டது. வீண் வேலை என்பதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அரைத்த பொருள் விஷயத்தில் நான் சொன்னதே நிற்கிறது.

இப்போது புது அரிசி வந்திருக்கிறது. பொங்கலுக்குக் குழைந்தது சரி, தினச் சாப்பாடும் களியாகவே வருகிறது.

அரசலாறு | ஜனவரி 21, இரவு 8.00

பழைய பச்சரிசிக்கு மூணு பங்கு தண்ணின்னா புதுசுக்கு ரெண்டு. வடிக்கறதா இருந்தா சீக்கிரம் வடிச்சுடுங்க, நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே. ஆறு மாசம் போனா தானா சரியாயிடும். பழைய நெல் மிச்சம் இருந்தா அதை இப்போ அரைச்சுக்கிட்டு, புதுசைப் பத்தாயத்துல போடுங்க.

வெண்ணாறு | ஜனவரி 21, இரவு 9.20

போடும் முன் பத்தாயத்தைக் காலி செய்து, மூலைகளிலும் பலகை இடுக்கிலும் இருக்கும் பழைய தூசியைக் குச்சியால் நோண்டி எடுக்கவும். சென்ற வருஷ வண்டு அங்கேதான் இருக்கும். புது நெல்லைப் பழையதன் மேல் கொட்ட வேண்டாம். பனி விழும் மாதம் என்பதால் காலை ஒன்பதுக்கு முன் களத்தில் விரிக்க வேண்டாம், நாலு மணிக்குள் குவித்து மூடவும். அறுப்பு முடிந்த வயலிலிருந்து எலி வீட்டுப் பக்கம் வரும் மாதமும் இதுதான். பத்தாயக் கால் பக்கத்தில் ஏணி, விளக்குமாறு எதையும் சாய்த்து வைக்காதீர்கள், அதைப் பிடித்துத்தான் ஏறும்.

கடைமடை | ஜனவரி 22, காலை 6.15

எலிக்குத் தனி இழை போடுங்க அண்ணே. அது இதைவிட நீளமாப் போகும்.